கொடையின் பயனை ஊரோடு சேர்ந்து அளப்பது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

முன்னாள் மாணவர் சங்கம் ஒன்று தான் படித்த அரசுப் பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் சிலர் பணம் சேர்த்துச் சொந்த ஊரில் குடிநீர் நிலையம் அமைக்க விரும்புகிறார்கள். ஒரு நிறுவனத்தின் சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) பிரிவில் புதிதாகச் சேர்ந்தவரின் மேசையில் நான்கைந்து திட்டக் கோப்புகள் வந்து விழுகின்றன. இவர்கள் எல்லோரையும் ஓராண்டுக்குள் ஒரே கேள்வி வந்தடையும்: கொடுத்த பணத்தால் என்ன மாற்றம் நடந்தது?

வழக்கமாக இதற்கு ஒரு வினாத்தாள் தயாராகும். களப்பணியாளர் இருவர் ஊருக்குப் போவார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் 'நல்லா இருக்குங்க' என்பார்கள். அது வண்ண வரைபடமாக ஆண்டறிக்கையில் ஏறும். அடுத்த ஆண்டும் உதவி தரக்கூடியவர் அனுப்பிய ஆள், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கையில் பெயர்ப் பட்டியலோடு கேட்கும்போது வேறு என்ன பதில் வரும்? இதில் யாரும் பொய் சொல்லவில்லை. வீடு தேடி வந்தவரிடம் குறை சொல்வது நம் ஊர்களில் வழக்கமில்லை, அவ்வளவுதான். ஆகவே பயனை அளப்பதையும், முடிவெடுக்கும் அதிகாரத்தைப் பகிர்வதையும் இந்தக் கட்டுரை ஒரே வேலையின் இரு பக்கங்களாக எடுத்துக்கொள்கிறது. பணத்தைப் பற்றிய முடிவில் ஊர் மக்களுக்கு இடம் இல்லாதவரை அவர்கள் தருவது மரியாதைப் பதிலாகவே இருக்கும். மரியாதைப் பதிலை எவ்வளவு நுணுக்கமான புள்ளியியலுக்குள் போட்டாலும் அதிலிருந்து உண்மை வெளிவராது.

முதல் படி: யார் எதை முடிவு செய்கிறார்கள் என்று எழுதுங்கள்

திட்ட முன்மொழிவைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, இந்தத் திட்டத்தில் எடுக்கப்படப்போகும் முடிவுகளை வரிசையாக எழுதுங்கள். எந்தப் பிரச்சினையை எடுத்துக்கொள்வது, யாருக்கு முதலில் கொடுப்பது, எங்கே கட்டுவது, யாரிடம் பொருள் வாங்குவது, எது நடந்தால் வெற்றி என்று சொல்வது, எப்போது நிறுத்துவது ஆகியவை அநேகமாக எல்லாத் திட்டங்களிலும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இன்றைய நிலையில் அதை முடிவு செய்பவர் யார் என்று குறியுங்கள். பெரும்பாலான கோப்புகளில் ஊர் மக்களின் பெயர் 'இடம் தேர்வு' என்ற ஒரு வரியில் மட்டும் வரும், அதுவும் ஊராட்சித் தலைவரின் கையொப்பமாக.

அமெரிக்கக் கொள்கை ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல், குடிமக்களின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். அடிப்படிகளில் மக்களைச் சமாதானப்படுத்துவது இருக்கிறது. நடுப்படிகளில் தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் இருக்கின்றன. மேற்படிகளில்தான் கூட்டாக முடிவெடுப்பதும் அதிகாரத்தை ஒப்படைப்பதும் வருகின்றன. நாம் 'மக்கள் பங்கேற்பு' என்று அறிக்கையில் எழுதுவதில் பெரும்பகுதி நடுப்படிகளைத் தாண்டுவதில்லை என்பது என் கருத்து. எல்லா முடிவையும் மேற்படிக்குக் கொண்டுபோக வேண்டிய கட்டாயமும் இல்லை. குழாயின் விட்டத்தைப் பொறியாளரே தீர்மானிக்கலாம்; குழாயடி எந்தத் தெருவில் வரும் என்பதை அவர் தீர்மானிக்கக் கூடாது. எந்த முடிவு உங்களுடையது, எது ஊருடையது, எது இருவருக்கும் பொதுவானது என்பதை முதல் கூட்டத்திலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். கருத்து மட்டும் கேட்கப்போகிறீர்கள் என்றால் அதையும் நேரடியாகச் சொல்லுங்கள். முடிவு ஊரின் கையில் என்று நம்பவைத்துவிட்டுப் பிறகு மாற்றுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இரண்டாம் படி: 'ஊர்' என்றால் யார் யார் என்று கண்டுபிடியுங்கள்

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் கடற்கரையில் நடந்ததை, கொடை வேலைக்கு வருபவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது படிக்க வேண்டும். தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை அந்த மாவட்டம் இழந்தது. உதவி கடல்போல் வந்தது. வந்ததில் பழைய துணி மூட்டைகள் சாலையோரங்களில் குவிந்து மழையில் நனைந்து அழுகின. இடிந்த வீட்டைத் தேடிக்கொண்டிருந்த மக்கள் முன்பின் தெரியாதவர் உடுத்திய துணியை எடுக்க மறுத்தார்கள், அவற்றை அகற்றுவதே அதிகாரிகளுக்குத் தனி வேலையாகிப் போனது. பிறகு படகுகள் வந்தன. படகு என்பது படம் எடுக்கத் தோதான பொருள். கொடையாளரின் பெயரைப் பக்கவாட்டில் எழுதலாம். கட்டுமரம் இருந்த இடங்களில் ஃபைபர் படகுகள் பெருகின; கூலிக்குக் கடலுக்குப் போனவர்கள் சிலர் படகுக்காரர்கள் ஆனார்கள், அவர்களோடு போக ஆள் கிடைக்காமல் போனது. இத்தனை படகுகள் வேண்டாம், கடலில் மீன் கூடப்போவதில்லை என்று மீனவர் கூட்டமைப்புகள் அப்போதே எச்சரித்தன.

இதில் இன்னும் கவனிக்க வேண்டிய பாடம் விநியோகத்தில் இருக்கிறது. மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து வலுவான அமைப்பு. நிவாரணப் பொருளை ஒழுங்காகவும் வேகமாகவும் பிரித்துக் கொடுக்க அதைவிடச் சிறந்த வழி அன்று இல்லை. ஆனால் அந்தப் பஞ்சாயத்தில் ஆண்களே இருந்தார்கள். வரி கட்டும் குடும்பங்களே அதன் கணக்கில் வந்தன. கணவனை இழந்த பெண்கள், தலையில் கூடை சுமந்து மீன் விற்றவர்கள், உப்பு நீர் ஏறிய வயலில் கூலி வேலையை இழந்த தலித் குடும்பங்கள், முகத்துவாரங்களில் இறால் பிடித்து வாழ்ந்த இருளர்கள் ஆகியோர் பல இடங்களில் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். 'ஊரே முடிவு செய்தது' என்று கொடையாளர்கள் நம்பினார்கள். ஊரின் ஒரு பகுதிதான் முடிவு செய்திருந்தது.

ஆகவே தலைவரைப் பார்த்ததோடு வேலை முடிந்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஊர் வரைபடத்தை ஊராரையே வரையச் சொல்லுங்கள். 1990-களில் தென்னிந்தியாவில் பரவிய பங்கேற்பு மதிப்பீட்டு முறையில் இதற்குக் கோலப்பொடியைப் பயன்படுத்தினார்கள், இன்றும் அதைவிட எளிய கருவி இல்லை. கோயில் முன்னாலோ பள்ளி மைதானத்திலோ பெண்கள் தெருக்களைப் பொடியால் இழுத்து, வீடுகளுக்குப் புளியங்கொட்டை வைக்கும்போது, எந்தத் தெரு முதலில் வரையப்படுகிறது, எந்தத் தெரு யாரோ ஒருவர் நினைவுபடுத்திய பிறகு ஓரத்தில் சேர்க்கப்படுகிறது என்று பாருங்கள். கடைசியாகச் சேர்க்கப்பட்ட தெருவுக்குத்தான் நீங்கள் அடுத்த நாள் போக வேண்டும். அங்கே தனியாக உட்கார்ந்து பேசுங்கள்.

கூட்ட நேரமும் ஒரு வடிகட்டி என்பதை மறக்க வேண்டாம். காலை பதினோரு மணிக்குக் கூட்டம் வைத்தால் கூலி வேலைக்குப் போகாதவர்கள் வருவார்கள். மாலை ஆறு மணிக்கு வைத்தால் சமைக்க வேண்டியவர்கள் பாதியில் எழுந்து போவார்கள். ஒரே கூட்டம் போதாது என்பதே இதற்கு விடை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. உங்கள் திட்டத்தை அங்கே ஒரு முறை முன்வைத்துத் தீர்மானமாகப் பதியச் செய்வது நல்லது. ஆனால் கிராம சபையில் எழுந்து பேசுபவர்கள் யார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதனால் தனிச் சந்திப்புகளுக்கு அது மாற்றாகாது. பள்ளித் திட்டம் என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அதன் உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். தலைமையாசிரியரின் அறையில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பாமல் அந்தப் பெற்றோர்களைச் சந்தியுங்கள்.

மூன்றாம் படி: 'இதனால் இது' என்ற சங்கிலியை வீட்டுக்குள் வரை இழுங்கள்

நீங்கள் கொடுப்பது எதுவோ, அதிலிருந்து நீங்கள் விரும்பும் மாற்றம் வரை உள்ள கண்ணிகளை ஒவ்வொன்றாக எழுத வேண்டும். குடிநீர் நிலையம் வைத்தால் வயிற்றுப்போக்கு குறையும் என்பது ஒரே வரியில் நம்பத்தக்கதாகத் தெரிகிறது. கண்ணிகளாகப் பிரித்தால்தான் ஓட்டைகள் தெரியும். நிலையம் ஓட வேண்டும். ஓட மின் கட்டணம் கட்டப்பட வேண்டும். இருபது லிட்டர் கேனை யாராவது தூக்கி வர வேண்டும். வீட்டில் அந்த நீரைக் குழந்தைக்கும் கொடுக்க வேண்டும், பெரியவருக்கு மட்டும் வைத்துவிடக் கூடாது. பானைக்குள் கைவிட்டு மொள்ளக் கூடாது. இதில் பணம் கொடுப்பவரின் கை எட்டுவது முதல் கண்ணிக்கு மட்டுமே.

இந்தச் சங்கிலியை ஊர் மக்களோடு சேர்ந்து எழுத வேண்டியதன் அவசியத்துக்குத் தமிழ்நாட்டோடு தொடர்புள்ள ஓர் உதாரணம் உலக அளவில் பேசப்படுகிறது. உலக வங்கி உதவியுடன் 1980-இல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. சிறு குழந்தைகளை மாதந்தோறும் எடை போடுவது, எடை கூடாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குச் சத்துணவு தருவது, தாய்மார்களுக்கு உணவூட்டும் முறையைச் சொல்லிக்கொடுப்பது என்பவை அதன் உறுப்புகள். கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு குறைந்தது என்று மதிப்பீடுகள் சொல்லின. அந்த வெற்றியைப் பார்த்து 1990-களில் வங்கதேசத்தில் ஏறக்குறைய அதே வடிவில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை.

காரணம் தேடியபோது கிடைத்த விடைகளில் முக்கியமானது வீட்டுக்குள் இருந்தது. வங்கதேசக் கிராமங்களில் கடைக்குப் போய்ப் பொருள் வாங்குபவர் பெரும்பாலும் கணவர்; கூட்டுக் குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுபவர் மாமியார். திட்டம் பயிற்சி கொடுத்ததோ தாய்க்கு. அவருக்குத் தெரிந்துகொள்ள முடிந்தது, செய்ய முடியவில்லை. கூடுதலாகத் தந்த உணவும் சில வீடுகளில் வழக்கமான சாப்பாட்டுக்கு ஈடாகக் கழிக்கப்பட்டது. மெய்யியலாளர் நான்சி கார்ட்ரைட் இந்த இரு திட்டங்களையும் எடுத்துக்கொண்டு, ஓர் இடத்தில் பலித்தது என்பதிலிருந்து இன்னோர் இடத்திலும் பலிக்கும் என்று தாவக் கூடாது என்பதை விரிவாக வாதிட்டார். நமக்கு இதில் கிடைக்கும் நடைமுறைப் பயன் எளிது. 'உங்கள் வீட்டில் முட்டை வாங்கினால் யாருக்குப் போகும்?' என்று எந்த வங்கதேசக் கிராமத்து மருமகளிடம் கேட்டிருந்தாலும் ஐந்து நிமிடத்தில் பதில் கிடைத்திருக்கும். சங்கிலியை எழுதும் அறையில் அவர் இல்லை.

எனவே சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் உரக்கப் படித்து, 'இது நம் ஊரில் நடக்குமா, நடக்காமல் போனால் எதனால்?' என்று கேளுங்கள். வரும் பதில்களைச் சங்கிலிக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். பிற்பாடு எதை அளப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை அந்தக் குறிப்புகளில் கிடைக்கும், ஏனென்றால் அறுந்துபோகக்கூடிய கண்ணிதான் கவனித்துப் பார்க்க வேண்டிய கண்ணி.

நான்காம் படி: குறைவாக அளக்கவும், ஆனால் தொடங்கும் முன்பே அளக்கவும்

புதிதாக வருபவர்கள் மாற்றத்தை அளக்க நாற்பது குறியீடுகளை எழுதிவிடுகிறார்கள். நான்கோ ஐந்தோ போதும். அவற்றில் குறைந்தது இரண்டை ஊர் மக்கள் தேர்வு செய்யட்டும். மாலை நேரப் படிப்பு மையம் ஒன்றுக்கு நீங்கள் 'தேர்ச்சி விழுக்காடு' என்று எழுதுவீர்கள். தாய்மார்கள் 'இருட்டியதும் பெண் பிள்ளை பயமில்லாமல் வீடு திரும்ப வேண்டும்' என்பார்கள். இரண்டாவதையும் அளக்க முடியும்: தெருவிளக்கு எத்தனை நாள் எரிந்தது, எத்தனை பெண் பிள்ளைகள் கடைசி வரை இருந்தார்கள் என்று மையத்துப் பதிவேட்டிலேயே இரண்டு கட்டங்கள் போட்டால் போதும்.

கொடுத்ததை எண்ணுவதும் நடந்ததை எண்ணுவதும் வேறு வேறு. எத்தனை கழிப்பறை கட்டினோம் என்பது முதல் வகை, எத்தனை கழிப்பறைகளில் விறகு அடுக்காமல் இருக்கிறார்கள் என்பது இரண்டாம் வகை. 1990-களில் மேற்குக் கென்யாவில் பள்ளிகளுக்கு இலவசப் பாடநூல்கள் கொடுத்து ஆராய்ந்தபோது, சராசரி மதிப்பெண் உயரவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்த மாணவர்கள் மட்டுமே பயனடைந்தார்கள். நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன, அது பல குழந்தைகளுக்கு மூன்றாவது மொழி. விநியோகித்த நூல்களை மட்டும் எண்ணியிருந்தால் அது முழு வெற்றியாகவே பதிவாகியிருக்கும்.

தொடங்கும் முன் இருந்த நிலையைப் பதிவு செய்யாவிட்டால் பின்னால் எதையும் சொல்ல இயலாது. பதிவு செய்தாலும், நீங்கள் இல்லாமலே நடந்திருக்கக்கூடிய மாற்றத்தைக் கழிக்க வேண்டும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அந்தச் சமயத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் நீங்கள் விளையாட்டுப் பொருள்கள் கொடுத்து, வருகை கூடியிருந்தால், கூடியதற்குக் காரணம் பந்தா, உப்புமாவா? இதற்குக் குறைந்தபட்சத் தீர்வு, உங்கள் உதவி போகாத, ஆனால் மற்றபடி ஒத்த ஒரு பக்கத்து ஊர்ப் பள்ளியின் வருகையையும் அதே மாதங்களில் எடுத்து ஒப்பிடுவது. குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்துச் செய்யும் ஆய்வு இதைவிட உறுதியானது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் ஆகியோருக்கு 2019-இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது இந்த முறையை வளர்த்ததற்காகத்தான். ஆனால் ஒரு பள்ளிக்கும் ஒரு குளத்துக்கும் உதவும் சிறு அறக்கட்டளைக்கு அது பொருந்தாது, அதற்கு ஆகும் செலவில் இன்னொரு பள்ளிக்கே உதவிவிடலாம். அவர்கள் ஏற்கெனவே கண்டறிந்ததைப் படித்துப் பயன்படுத்துங்கள்.

நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு ஒரு சட்டக் குறிப்பு. 2013 நிறுவனச் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்கீழ், முந்தைய மூன்று ஆண்டுகளில் சராசரியாக 10 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் சிஎஸ்ஆர் கடமை உள்ள நிறுவனங்கள், 1 கோடி அல்லது அதற்கு மேல் செலவிட்டு முடிந்து ஓராண்டாவது ஆன திட்டங்களை வெளி அமைப்பு ஒன்றைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்று 2021-இல் விதி வந்தது. விதியை நிறைவேற்றும் அறிக்கை இயக்குநர் குழுவுக்குப் போகிறது. ஊருக்கும் போக வேண்டும் என்று விதி சொல்லவில்லை. போகக் கூடாது என்றும் சொல்லவில்லை.

ஐந்தாம் படி: பணத்தில் ஒரு பகுதியின் சாவியை உண்மையாகவே கொடுங்கள்

எளிதாக எழுதிவிட்டுக் கடக்கும் படி இது. நடைமுறையில் இதுதான் கடினம். உலகில் இதற்கு முன்மாதிரிகள் இருக்கின்றன. 2008-இல் தொடங்கிய மாற்றுத்திறனாளிகள் உரிமை நிதியத்தில், யாருக்கு நல்கை என்று முடிவு செய்யும் குழுவில் கொடையாளர்களோடு மாற்றுத்திறனாளிச் செயற்பாட்டாளர்களும் அமர்கிறார்கள். இளம் பெண்ணியர்களுக்கான ஃப்ரிடா நிதியத்தில், விண்ணப்பித்த குழுக்களே தங்கள் வட்டாரத்தின் மற்ற விண்ணப்பங்களைப் படித்து வாக்களிக்கும் முறையைக் கையாண்டிருக்கிறார்கள். விண்ணப்பித்தவர்களே விண்ணப்பங்களைப் படிப்பதில் இன்னொரு நன்மை, பணம் கிடைக்காதவர்களுக்கும் பக்கத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்பது தெரிந்துவிடுகிறது.

சிறிய அளவில் தொடங்க, ஆண்டு நிதியில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி, ஊர் சார்ந்த ஏழு அல்லது ஒன்பது பேர் கொண்ட குழுவிடம் விடுங்கள். இரண்டாம் படியில் ஓரத்தில் சேர்க்கப்பட்ட தெருவிலிருந்து ஒருவராவது அதில் இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் என்றால் அவர் பேசமாட்டார், ஆகவே இருவர் இருப்பது நல்லது. கூலியை விட்டுவிட்டு வருபவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள். நகரத்து ஆலோசகருக்கு விமானக் கட்டணம் தரும் அறக்கட்டளைகள் இதைக் கேட்டதும் 'தன்னார்வம் கெட்டுவிடும்' என்று கவலைப்படுவதைப் பார்த்திருக்கிறேன், அந்தக் கவலையைப் பொருட்படுத்த வேண்டாம். உறவினரின் விண்ணப்பம் வரும்போது அந்த உறுப்பினர் வெளியே போய் உட்கார வேண்டும் என்ற விதியை முதலிலேயே எழுதி எல்லோரிடமும் கையொப்பம் வாங்குங்கள். முடிவையும் அதற்கான காரணத்தையும் நூலகச் சுவரிலோ ரேஷன் கடை முன்னாலோ ஒட்டுங்கள்.

குழு உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைத் தேர்வு செய்யும். நீங்கள் கணினி என்று நினைத்திருப்பீர்கள். அவர்கள் சுடுகாட்டுக்குப் பாதை கேட்பார்கள். தலையிட்டு மாற்றினால் அன்றோடு குழு முடிந்தது, அதன் பிறகு நீங்கள் கேட்கும் எந்தக் கேள்விக்கும் பழைய மரியாதைப் பதில்தான் கிடைக்கும். அதே நேரம் கொடுக்கவே முடியாத அதிகாரங்களும் உண்டு. அறக்கட்டளையின் கணக்குக்குச் சட்டப்படி அறங்காவலர்களே பொறுப்பு. சிஎஸ்ஆர் பணம் நிறுவனச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உள்ள பணிகளுக்குள் அடங்க வேண்டும். வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு, அச்சட்டப்படி பெற்ற பணத்தை வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவே முடியாது. இந்த வரம்புகளைக் குழு கூடும் முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆறாம் படி: கேள்வி கேட்கும் முறையை மாற்றுங்கள்

கேட்பவர் பணம் கொடுக்கும் அமைப்பின் ஆளாகவோ, பணத்தை வாங்கிச் செலவிடும் அமைப்பின் ஆளாகவோ இல்லாமல் இருப்பது முதல் தேவை. பக்கத்து ஊர் சுய உதவிக்குழுப் பெண்கள் இருவருக்கு மூன்று நாள் பயிற்சி கொடுத்தால் பெரும்பாலான வேலையை அவர்களே செய்வார்கள். அவர்கள் தரையில் உட்காருவார்கள், பேச்சு வழக்கில் கேட்பார்கள், சமையலறை வரை போவார்கள்.

'திருப்தியா?' என்று கேட்காதீர்கள். குறை சொல்லாமலே குறை வெளிப்படும்படி கேள்வி அமைய வேண்டும். 'அடுத்த வருஷம் பாதிப் பணம்தான் வரும் என்றால் எதை முதலில் நிறுத்தலாம்?' என்று கேட்டால், பயனற்றது எது என்பது யாரையும் புண்படுத்தாமல் வெளியே வரும். 'நேற்று வீட்டில் குடித்த தண்ணீர் எங்கிருந்து வந்தது?' என்ற கேள்விக்கு வரும் பதில், 'குடிநீர் நிலையம் பயன்படுகிறதா?' என்பதற்கு வரும் பதிலைவிட நம்பத்தக்கது. 'தெருவில் யாருக்கு இது கிடைக்கவில்லை?' என்றும் கேளுங்கள். தனக்காகக் கேட்கக் கூசுபவர் பக்கத்து வீட்டுக்காரருக்காகக் கேட்பார்.

பதில் சொல்ல மறுக்கும் உரிமையை முதலிலேயே சொல்லுங்கள். மறுத்தாலும் உதவி நிற்காது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த உரிமைக்குப் பொருள் உண்டு. 2023-இல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கோருகிறது. சட்டத்தைத் தள்ளி வைத்தாலும், நோட்டுப் புத்தகம் வாங்கும் குழந்தையைக் கைநீட்ட வைத்துப் படம் எடுத்து முகநூலில் போடுவதை நிறுத்திவிடலாம்.

ஏழாம் படி: கணக்கையும் முடிவுகளையும் ஊர் நடுவில் உரக்கப் படியுங்கள்

இதற்கு நம் நாட்டிலேயே வலுவான மரபு இருக்கிறது. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு 1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில் மக்கள் விசாரணைக் கூட்டம் ஒன்றை நடத்தியது. பொதுப்பணிகளின் பில்லும் வருகைப் பட்டியலும் மக்கள் முன்னால் வரி வரியாகப் படிக்கப்பட்டன. வேலைக்கே போகாதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததை, அந்தப் பெயருக்கு உரியவர்களே எழுந்து நின்று சொன்னார்கள். தகவல் அறியும் உரிமைக்கான இயக்கம் இத்தகைய கூட்டங்களிலிருந்துதான் வளர்ந்தது. 2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் கடமையாகவே ஆக்கியது.

அரசுப் பணத்துக்குக் கேட்பதைத் தனியார் கொடைக்கும் கேட்கலாம் என்ற எண்ணம் நம்மிடம் இன்னும் பரவவில்லை. 'அவர் சொந்தப் பணம், கொடுப்பதே பெரிது' என்று விட்டுவிடுகிறோம். உங்கள் அறக்கட்டளை தானே முன்வந்து இதைச் செய்யட்டும். குடிநீர் நிலையம் என்றால் இயந்திரத்தின் விலை, கொட்டகை கட்டிய செலவு, ஒப்பந்ததாரர் பெயர், கேன் ஒன்றுக்கு வசூலாகும் தொகை, மாத மின் கட்டணம், மெம்பிரேன் (நீரை வடிகட்டும் சவ்வு) மாற்றிய தேதி ஆகியவற்றை ஒருவர் ஒலிபெருக்கியில் படிக்க, ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி 'சரியா?' என்று கேட்கட்டும். சிமெண்ட் மூட்டைக் கணக்கைப் படிக்கும்போது அந்த ஊர் கொத்தனார் கூட்டத்தில் இருப்பது எந்தத் தணிக்கையாளரின் கையொப்பத்தையும்விடப் பயனுள்ளது. ஆறாம் படியில் கிடைத்த முடிவுகளையும், நல்லது கெட்டது இரண்டையும், அங்கேயே சொல்லுங்கள். தவறாகப் புரிந்துகொண்டதை ஊர் திருத்தட்டும். அதன் பிறகே அறிக்கையை அச்சுக்கு அனுப்புங்கள்.

கூட்டத்தில் கேள்வி கேட்டவருக்கு அடுத்த வாரம் என்ன ஆனது என்று போய்ப் பார்ப்பது உங்கள் பொறுப்பு. ஒப்பந்ததாரர் உள்ளூர்ப் பெரிய மனிதராக இருந்தால், சபையில் எழுந்தவருக்கு வேலை கொடுக்காமல் பழிவாங்குவது நடக்கக்கூடியதுதான். எழுத்துவழிப் புகாருக்குப் பெட்டி, வெளியூர் எண்ணில் தொலைபேசி இரண்டும் முன்பே இருக்க வேண்டும்.

எட்டாம் படி: கெட்ட செய்தியை எடுத்துக்கொண்டு மாற்றுங்கள், பிறகு விலகுங்கள்

தென் ஆப்பிரிக்காவில் உருவான 'பிளே பம்ப்' என்ற கருவியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். குழந்தைகள் சுற்றி விளையாடும் ராட்டினம் சுழலும்போது நிலத்தடி நீர் மேலே உள்ள தொட்டிக்கு ஏறும். 2006-இல் அமெரிக்காவில் இதற்கு 1.64 கோடி டாலர் அறிவிக்கப்பட்டது. ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் நான்காயிரம் பம்புகள் என்று இலக்கு வைத்தார்கள். விளையாட்டு அலுத்ததும் குழந்தைகள் போய்விட்டார்கள், வயதான பெண்கள் ராட்டினத்தைக் கையால் தள்ளித் தண்ணீர் எடுத்தார்கள். பழுதானால் ஊரில் சரிசெய்ய ஆள் இல்லை. சில ஊர்களில் ஓடிக்கொண்டிருந்த கைப்பம்பை எடுத்துவிட்டு இதை நிறுவியிருந்தார்கள். சில ஆண்டுகளில் திட்டம் கைவிடப்பட்டது. இதில் பாராட்ட ஒன்று உண்டு என்றால், அதற்குப் பணம் கொடுத்தவர்களில் ஒரு பெரிய அறக்கட்டளை தோல்வியை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஊர்கள் மற்ற வகைப் பம்புகளையும் தேர்வு செய்துகொள்ள வழி செய்ததுதான். ஆண்டறிக்கையில் 'வேலை செய்யாதவை' என்று ஒரு பக்கம் வையுங்கள், அதை ஊர்க்குழுவே எழுதட்டும்.

திட்டத்தை முடித்து விலகும் தேதியைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். விலகுவதற்கு ஆறு மாதம் முன்பே ஒப்படைப்பு வேலையைத் தொடங்குங்கள்: மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, இயந்திரத்தின் உத்தரவாத அட்டை யாரிடம், மெம்பிரேன் மாற்ற எவ்வளவு சேர்ந்திருக்கிறது, பம்பு இயக்குபவருக்குச் சம்பளம் எங்கிருந்து, வசூல் நோட்டை மாதந்தோறும் யார் பார்ப்பார்கள். கூட்டுக் கணக்கின் கையொப்பதாரர்களை மாற்றும் வேலை வங்கியில் பல வாரம் இழுக்கும். ஒப்படைப்பு விழாவுக்கு நாள் குறிப்பதை அது முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.